பாக் விரிகுடாவில் கடற்புல் படுகையை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலின் உடல்நிலையைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் பவளப்பாறையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு ஸ்கூபா பயிற்சி வேண்டும், படகு வேண்டும், பணம் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, ஆய்வாளர்களுக்கும் பயன்படும் தரவை எடுக்க நினைப்பவருக்குக் கடற்புல் படுகைதான் சரியான இடம். ஓரா மீன், நண்டு, கடலட்டை, கடற்குதிரை, ஆவுளியா எனும் கடற்பசு எல்லாம் அதை நம்பியே இருப்பதால், புல்லின் நிலை தெரிந்தால் அங்குள்ள மற்ற உயிர்களின் நிலையும் ஓரளவு தெரிந்துவிடும்.

கீழே சொல்லியிருப்பது மல்லிப்பட்டினம், மணமேல்குடி, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து ஆழமில்லாத கடலுக்கு ஏற்ற முறை. அடிப்படை, ஆஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கிய சீகிராஸ் வாட்ச் திட்டத்தின் அளவை முறை. நம் கலங்கல் தண்ணீருக்காகச் சில இடங்களில் வரிசையை மாற்றியிருக்கிறேன். எங்கே, ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கேள்வியை ஒன்றாகக் குறுக்குங்கள்

"இந்தக் கடலின் பல்லுயிர் வளம்" என்பது கேள்வி அல்ல. "இந்த ஊருக்கு முன்னால் உள்ள புல், ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா, குறைகிறதா, வகை மாறுகிறதா?" என்பது கேள்வி. இதற்கு ஒரே இடத்தை, ஒரே மாதத்தில், ஒரே முறையில் திரும்பத் திரும்ப அளந்தால் போதும்.

முதலிலேயே இதை முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேள்வி பெரிதாக இருந்தால் தண்ணீருக்குள் இறங்கியதும் கண்ணில் பட்டதெல்லாம் தாளில் ஏறும். கடற்குதிரை தெரிந்தால் ஒருவர் அதன் பின்னே போவார், இன்னொருவர் நட்சத்திர மீனைப் படம் எடுப்பார். கரைக்கு வந்து பார்த்தால் அழகான படங்கள் நிறைய இருக்கும், அடுத்த ஆண்டோடு ஒப்பிட ஓர் எண்கூட இருக்காது.

2. அனுமதி, அதற்கும் முன்னால் ஊர்

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அதற்குள் வேலை என்றால் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே அனுமதி இல்லாமல் காலே வைக்கக் கூடாது. கடற்குதிரையும் கடலட்டையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கடலோரக் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இலங்கை எல்லை பக்கம் என்பதால் ஜி.பி.எஸ். கருவியோடு தண்ணீரில் நிற்கும் வெளியூர்க்காரரை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஆதார் நகலும் கல்லூரிக் கடிதமும் பையில் இருக்கட்டும். ட்ரோன் ஆசையை விட்டுவிடுங்கள், அதற்கான அனுமதி வேறு கதை.

இதெல்லாம் இருந்தாலும் ஊர்த்தலைவரைப் பார்க்காமல் இறங்காதீர்கள். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் அடிக்கப்போகும் அடையாளக் கம்பி யாருடைய நண்டு வலையிலாவது மாட்டும். எங்கே வலை விடுவதில்லை, எங்கே தாழை (கடற்புல்லுக்கு மீனவர்கள் சொல்லும் பெயர்) அடர்த்தி, எங்கே போன மழைக்குப் பிறகு மேடு தட்டியது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். "அண்ணே, தாழை எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். செயற்கைக்கோள் படத்தில் கறுப்பாகத் தெரிவது புல்லா, பாசியா, சேறா என்று தேடும் வேலை அதிலேயே பாதி முடிந்துவிடும்.

3. மாதமும் நேரமும்

வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும், தண்ணீர் சேறாகும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா பக்கம் அலை அடிக்க, இந்தப் பக்கம் ஓரளவு அடங்கிக் கிடக்கும். அதனால் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லா ஆண்டும் அதே மாதத்தில் அளங்கள். புல் பருவத்துக்கேற்பக் கூடும், குறையும். ஒரு ஆண்டு மே மாதமும் மறு ஆண்டு டிசம்பரும் அளந்தால் நீங்கள் பார்ப்பது பருவ வித்தியாசத்தைத்தான்.

நேரம் காலை. வெயில் ஏற ஏறக் கடற்காற்று பிடித்துக்கொள்ளும், சிற்றலை எழுந்து அடி தெரியாது. பாம்பன் ஓத அட்டவணையைப் பார்த்து, காலையில் தண்ணீர் வற்றும் நாளாகப் பிடியுங்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் நெஞ்சளவுத் தண்ணீர் இடுப்பளவாவது வேலைக்குப் பெரிய உதவி. மழை பெய்த மறுநாள் வேண்டாம்.

4. கையில் இருக்க வேண்டியவை

முக்கியமான கருவி குவாட்ரட் எனும் சதுரச் சட்டம். அரை அங்குல பி.வி.சி. குழாயும் நான்கு எல்போவும் போதும். உள்பக்க அளவு சரியாக 50 செ.மீ. × 50 செ.மீ. வர வேண்டும். குழாயை 50க்கு வெட்டி எல்போ மாட்டினால் உள்ளளவு மாறிவிடும், அதனால் மாட்டிப் பார்த்து அளந்தபின் ஒட்டுங்கள். குழாய் நெடுகச் சின்னத் துளைகள் போட்டால் தண்ணீர் புகுந்து அமிழும், இல்லாவிட்டால் சட்டம் மிதந்துகொண்டே இருக்கும். 10 செ.மீ. இடைவெளியில் நைலான் நூல் கட்டினால் 25 கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் 4 சதவீதம். வெள்ளைக் குழாய் வெயிலில் பளிச்சிட்டுப் படத்தைக் கெடுக்கும், மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

எழுதுவதற்கு நீர்புகாத் தாள் வாங்க முடியாவிட்டால் வெள்ளை பிளாஸ்டிக் அட்டையை அதே உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பென்சில் நன்றாகப் பிடிக்கும். அட்டவணைக் கோடுகளை முதல் நாளே பெர்மனன்ட் மார்க்கரால் போட்டுவைத்தால், வேலை முடிந்தபின் பென்சில் எழுத்தை மட்டும் அழித்து மறுபடி பயன்படுத்தலாம். பென்சிலை நூலில் கட்டி அட்டையோடு இணையுங்கள். இரண்டு பென்சில் வைத்திருங்கள்.

மற்றவை: 50 மீட்டர் பைபர் டேப் மூன்று, முளைக்கம்பி ஆறு, ஜி.பி.எஸ். அல்லது கைப்பேசி, காந்த ஊசி, 30 செ.மீ. ஸ்கேல், நீர்புகாக் கேமரா, முகக்கண்ணாடியும் ஸ்நார்க்கலும், வெப்பமானி, ஜிப்லாக் கவர்கள், 10 மடங்கு லென்ஸ். உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பக்கத்து இறால் பண்ணையில் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

5. கரையிலேயே புல்லைப் படித்துவிடுங்கள்

இதைத் தாண்டிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. உள்ளே போய் வகை பார்த்து விவாதித்துக்கொண்டிருந்தால் காலால் சேறு கிளம்பும், ஒன்றும் தெரியாது.

காலையில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் புல்லைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பரப்புங்கள். முதல் கேள்வி, இது புல்லா பாசியா? புல்லுக்கு நரம்பு ஓடும் இலை, கணுவுள்ள கிடைத்தண்டு, கணுவில் வேர் இருக்கும். பாசிக்கு இவை இருக்காது. ஏமாற்றும் பாசி கவுலெர்ப்பா. அதுவும் தரையில் கொடிபோல் ஓடும், மேலே இறகு இறகாக நிற்கும். கொடியே பச்சையாக இருந்து இலையில் நரம்பு இல்லாவிட்டால் அது பாசிதான்.

அடுத்து வகை. இங்கே அடிக்கடி வருபவை இவை:

இலை உருண்டையாக, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் உருளும்படி இருந்தால் சிரிங்கோடியம். வேறு எதற்கும் இந்தக் குணம் இல்லை, அதனால் இதை முதலில் ஒதுக்கிவிடலாம்.

காம்போடு கூடிய முட்டை வடிவ இலை ஜோடி ஜோடியாக வந்தால் ஹாலோஃபிலா ஓவாலிஸ். இதுவும் எளிது.

மிகக் குறுகிய நாடா, நடுவில் எடுப்பாக ஒரே நரம்பு என்றால் ஹாலோடியூல். லென்ஸில் நுனி மூன்று கூராகத் தெரிந்தால் யூனிநெர்விஸ், மழுங்கலாக இருந்தால் பினிஃபோலியா.

அகலமான நாடாக்களில்தான் குழப்பம். நுனியில் ரம்பப் பல் இருந்து, இலையின் அடியுறை முக்கோணமாக விரிந்தால் சைமோடோசியா செருலேட்டா. நுனி வழுவழுப்பாக இருந்து, தண்டில் பழைய இலை விழுந்த தழும்பு முழு வளையமாக இருந்தால் சைமோடோசியா ரோட்டுண்டேட்டா. இலை அரிவாள்போல் சற்று வளைந்து, அதில் சின்னச் சின்னக் கறுப்புக் கீற்றுகளும், தடித்த கிடைத்தண்டில் நெருக்கமான தழும்புகளும் இருந்தால் தலாசியா. முழங்கால் உயரத்துக்கு மேல் போகும் பட்டை இலை, தடித்த ஓரம், அடியில் கறுப்பு நார் என்றால் எனாலஸ். அதை யாரும் தவறவிடமாட்டார்கள்.

முதிர்ந்த இலையின் நுனியை மீன் கடித்திருக்கும். நுனி பார்க்க எப்போதும் நடுவிலிருந்து வரும் இளம் இலையை எடுங்கள். "நுனியே இல்லை, வகை தெரியவில்லை" என்று எழுதப்பட்ட தாள்களில் பாதிக்குக் காரணம் இந்த வெளி இலைதான்.

சந்தேகம் இருந்தால் ஊகிக்காதீர்கள். "சைமோடோசியா, வகை தெரியாது" என்று எழுதுவது நேர்மையான தரவு. நல்ல படம் எடுத்து பரங்கிப்பேட்டை, தொண்டி, மண்டபம் ஆய்வு நிலையங்களில் உள்ளவர்களிடம் காட்டுங்கள்.

கரையில் இன்னொரு பயிற்சியும் உண்டு. சட்டத்தை மணலில் வைத்து, உள்ளே புல்லைப் பரப்பி, எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசாமல் எழுதுங்கள். பிறகு தாளைத் திறந்து பாருங்கள். ஒருவர் 30, இன்னொருவர் 60 என்று எழுதியிருப்பார். மெல்லிய இலை பரவலாகக் கிடந்தால் எல்லோருமே கூட்டிச் சொல்வார்கள். கட்டம் கட்டமாகச் சேர்த்துப் பார்த்து, வித்தியாசம் 10க்குள் வரும்வரை இதைச் செய்யுங்கள்.

6. இறங்கும் முன் பாதுகாப்பு

தனியாக ஒருவரும் வேண்டாம். குறைந்தது மூன்று பேர்: ஒருவர் பார்ப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் கரையில். வெறுங்காலும் வேண்டாம். புல்லுக்குள் நட்டக்குத்தலாகப் புதைந்திருக்கும் பேனாச்சிப்பியின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். கான்வாஸ் ஷூ போதும்.

காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். மணலில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போகும், மிதித்தால் வாலால் குத்தும். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருப்பது டீக்கு மட்டும் இல்லை. சொறி மீன்கள் கூட்டமாக மிதக்கும் நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

7. இடத்தைப் பிடித்துக் கோடு போடுதல்

அடர்த்தியான இடம் எது என்று தேடாதீர்கள். படுகையில் பொதுவாகத் தெரியும், ஓரளவு ஒரே மாதிரி இருக்கும் 50 மீட்டர் × 50 மீட்டர் பரப்பு ஒன்று வேண்டும். மிக அடர்த்தியான இடத்தில் தொடங்கினால், அடுத்த ஆண்டு எண் குறையத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் "புல் அழிகிறது" என்று எழுதிவிடுவீர்கள்.

கரைக்குச் செங்குத்தாக, 25 மீட்டர் இடைவெளியில் மூன்று கோடுகள். ஒவ்வொன்றும் 50 மீட்டர். கரைப்பக்கம் 0, கடல்பக்கம் 50. ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் முளைக்கம்பியை அடித்து, தலை தரைமட்டத்தில் இருக்கும்படி இறக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் காலையும் கிழிக்கும், வலையையும் கிழிக்கும்.

முனைகளின் ஜி.பி.எஸ். எண்ணையும் கோட்டின் திசையையும் குறியுங்கள். கைக்கருவி சில மீட்டர் முன்பின் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மீனவர்கள் செய்வதுபோலக் கரையில் உள்ள கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள செல்போன் டவரையும் நேர்வைத்து ஒரு குறி, பக்கவாட்டில் இன்னொரு குறி எழுதிக்கொள்ளுங்கள். படமும் எடுங்கள். அடுத்த ஆண்டு கம்பி கிடைக்காமல் போனாலும் இந்த இரண்டு குறி காப்பாற்றும்.

டேப்பை இழுப்பவர் கோட்டின் இடப்பக்கம் மட்டுமே நடக்க வேண்டும். சட்டம் வைப்பது எப்போதும் வலப்பக்கம். இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுக்காவிட்டால், அளக்க வேண்டிய புல்லை மிதித்துவிட்டு அப்புறம் அளப்பார்கள்.

8. சட்டத்துக்குள் செய்யும் வேலை

0, 5, 10 என்று 50 வரை ஒவ்வொரு 5 மீட்டருக்கும் ஒரு சட்டம். கோட்டுக்கு 11, மூன்று கோட்டுக்கு 33. சட்டம் விழும் இடத்தைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, டேப்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 25ஆவது மீட்டரில் வெறும் மணல் இருந்தால் மணலைத்தான் அளக்க வேண்டும். "கொஞ்சம் தள்ளி வச்சா நல்லா இருக்கும்" என்று கை போகும். தடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை எறியாமல், இலைகள் மடங்காதபடி பக்கவாட்டில் நுழைத்து இறக்குங்கள். கலங்கல் அடங்க அரை நிமிடம் காத்திருங்கள். பிறகு இந்த வரிசை.

முதலில் படம், நேர் மேலிருந்து. சட்டத்தின் நான்கு மூலையும் தெரிய வேண்டும். கோடு எண்ணும் மீட்டரும் எழுதிய சின்ன அட்டையை ஓரத்தில் வையுங்கள். படம் முதலில் வருவதற்குக் காரணம், இன்னும் யாரும் கை வைக்கவில்லை, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பிற்பாடு ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க இருப்பதும் இந்தப் படம் ஒன்றுதான்.

இரண்டாவது, ஓடிப்போகக்கூடியவை. நண்டு, சங்கு, கடலட்டை, மீன்குஞ்சு. எண்ணி எழுதுங்கள், பிடிக்காதீர்கள். தரையில் தடம் இருந்தால் அதையும் குறியுங்கள். புல் வேரோடு பறிக்கப்பட்டு, ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில், சில மீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து போகும் வெற்றுப் பாதை தெரிந்தால் அது ஆவுளியா மேய்ந்த தடமாக இருக்கலாம். ஹாலோஃபிலா, ஹாலோடியூல் இருக்கும் இடத்தில் பாருங்கள். நேர்கோடாக நீண்டு போகும் வடு படகின் விசிறியோ இழுவை மடியோ போட்டது. இரண்டையும் "தடம்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் பிற்பாடு பிரிக்க முடியாது. அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ஸ்கேலோடு படம் எடுங்கள்.

மூன்றாவது, மொத்தப் புல் எத்தனை சதவீதம். மேலிருந்து பார்த்தால் தரை எவ்வளவு மறைகிறது என்பதுதான் கணக்கு. நீரோட்டம் இருந்தால் நீள இலைகள் படுத்து அதிகமாகக் காட்டும், வெளியே வேர்விட்ட இலையும் உள்ளே வந்து சாயும். உள்ளே வேர்விட்டதை மட்டும் எண்ணுவதா, உள்ளே விழும் இலையையும் சேர்ப்பதா என்று குழு முன்பே முடிவு செய்து தாளின் தலைப்பில் எழுதிவிட வேண்டும். எதைத் தேர்ந்தாலும் பரவாயில்லை, நடுவில் மாற்றாதீர்கள்.

நான்காவது, அந்தப் புல்லில் எந்த வகை எவ்வளவு. இங்கே மொத்தம் 100 வர வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. சட்டத்தில் புல் 60 சதவீதம் இருந்தால் வகைகளையும் கூட்டி 60 வரும்படி எழுதுகிறார்கள். அப்படி இல்லை. புல் எவ்வளவு இருந்தாலும் அதை 100 என்று வைத்து, சைமோடோசியா 70, ஹாலோஃபிலா 30 என்று பிரியுங்கள். பெரிய இலைகளுக்கு அடியில் ஹாலோஃபிலா ஒளிந்திருக்கும், விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தபின் எழுதுங்கள்.

ஐந்தாவது, இலை உயரம். ஸ்கேலைத் தரையில் ஊன்றி, இலையை நிமிர்த்தி அளங்கள். சட்டத்துக்குள் மூன்று நான்கு இடத்தில் எடுத்து எழுதுங்கள். அங்கொன்று இங்கொன்றாக உயர்ந்து நிற்கும் இலைகளை விட்டுவிட்டு, பெரும்பான்மை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள். கை தானாகவே உயரமான இலையைத்தான் பிடிக்கும்.

ஆறாவது, பாசி. தரையில் தனியாக வளரும் அல்லது மிதந்து வந்து தங்கிய பாசி ஒரு எண். இலைமேல் ஒட்டி வளரும் பாசிப்படலம் வேறு எண், அதாவது இலைப்பரப்பில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்பது. மண்டபம் பக்கம் மிதவைகளில் வளர்க்கும் காப்பாஃபைகஸ் பாசித் துண்டுகள் வந்து கிடந்தால் தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கடைசியாகத் தரை. விரலை ஓரிரண்டு செ.மீ. இறக்கித் தேய்த்துப் பார்த்து, சேறு, நுண்மணல், பருமணல், சிப்பித்துண்டு என எது அதிகமோ அதை முதலில் வைத்து எழுதுங்கள். மூல முறையில் இது படம் எடுத்தவுடனே வருகிறது. நம் தண்ணீரில் அப்படிச் செய்தால் விரல் வைத்த இடத்திலிருந்து சேறு கிளம்பி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால்தான் கடைசிக்குத் தள்ளினேன்.

எழுதுபவர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்நார்க்கலை எடுத்துவிட்டு வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு ஒருவர் "முப்பது" என்றால் இன்னொருவருக்கு "முப்பத்தெட்டு" என்று கேட்கும். புல் இல்லாத சட்டத்துக்கு 0 போடுங்கள், காலியாக விடாதீர்கள். ஏன் என்பது 11ஆம் பகுதியில்.

9. கோட்டுக்கு ஒருமுறை தண்ணீர்

ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் நேரம், ஆழம், வெப்பநிலை, உப்புத்தன்மை. ஆழம் இருந்தால் தண்ணீரின் தெளிவைக் காட்டும் கறுப்பு வெள்ளை செக்கி தட்டை இறக்கி மறையும் ஆழத்தையும் எடுக்கலாம். இடுப்பளவில் தட்டு தரையைத் தொட்டும் தெரியும். அப்போது "தரைவரை தெரிகிறது, 1.1 மீட்டர்" என்று எழுதுங்கள். வெறுமனே 1.1 என்று எழுதினால் அங்கேயே மறைந்துவிட்டது என்று பொருளாகிவிடும்.

10. கரையேறிய அன்றே

அட்டையை அழிக்கும் முன் படம் எடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எடுங்கள்.

அன்று மாலையே எண்களைக் கணினியில் ஏற்றுங்கள். ஒரு சட்டத்துக்கு ஒரு வரி, 33 வரி. ஒருவர் படிக்க, ஒருவர் அடிக்க, பிறகு இடம் மாறிச் சரிபாருங்கள். மறுநாள் என்றால் "அந்த 7 ஆ, 1 ஆ" என்பதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நினைவிருக்காது.

படங்களுக்கு இடம், தேதி, கோடு, மீட்டர் வரும்படி பெயர் வையுங்கள். மாதிரி எடுக்க அனுமதி இருந்தால் வகைக்கு ஒரு முழுச் செடி, வேரோடு. நன்னீரில் அலசி, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி, தாளைத் தினமும் மாற்றுங்கள். உப்பு போகாவிட்டால் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

11. கணக்கு

ஒரு கோட்டில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 60, 55, 70, 40, 0, 0, 25, 50, 65, 45, 30. கூட்டினால் 440. 11ஆல் வகுத்தால் 40 சதவீதம். அந்த இரண்டு பூஜ்யத்தையும் காலியாக விட்டிருந்தால் கணினி 9ஆல் வகுத்து ஏறக்குறைய 49 என்று காட்டும். வெறும் மணல் இருந்ததே கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

ஒரு வகையின் உண்மையான பரப்பு வேண்டுமென்றால் இரண்டு சதவீதத்தையும் பெருக்குங்கள். புல் 60, அதில் சைமோடோசியா 70 என்றால், தரையில் 42 சதவீதம் சைமோடோசியா, மீதி 18 ஹாலோஃபிலா.

அடுத்தது, 33 சட்டங்களையும் 33 தனித்தனிச் சான்றாக எண்ணாதீர்கள். பக்கத்துப் பக்கத்துச் சட்டங்கள் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். மூன்று கோட்டின் சராசரிகளை எடுங்கள். அவை 40, 36, 47 என்றால் இடத்தின் சராசரி 41. அடுத்த ஆண்டு 38 வந்தால்? கோடுகளுக்குள்ளேயே 11 வித்தியாசம் இருக்கும்போது 3 குறைந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. "குறிப்பிடும்படி மாற்றமில்லை" என்றுதான் எழுத வேண்டும். இதை ஏற்க இளைஞர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

12. எண்ணைப் படிப்பது

மொத்தச் சதவீதம் அப்படியே இருந்து வகை மாறுவதைக் கவனியுங்கள். ஹாலோஃபிலாவும் ஹாலோடியூலும் கலைந்த இடத்தில் சீக்கிரம் முளைப்பவை. தலாசியா, எனாலஸ் போனால் திரும்ப நெடுங்காலம் பிடிக்கும். பெரிய புல் குறைந்து சின்னப் புல் கூடினால், மொத்த எண் மாறாவிட்டாலும் அந்த இடம் ஏதோ ஒன்றால் கலைந்திருக்கிறது. அதற்காகச் சின்னப் புல் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், ஆவுளியா விரும்பி மேய்வது அதைத்தான்.

இலைமேல் படலம் கூடி, புல் குறைந்தால், கழிவுநீரோ பண்ணை நீரோ சத்தைக் கூட்டுகிறதா என்று பாருங்கள். படலம் கூடவில்லை, தரை நுண்மணலிலிருந்து சேறாகியிருக்கிறது, புல் குறைந்திருக்கிறது என்றால் காரணம் மண் படிவாக இருக்கலாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா போன்ற புயலுக்குப் பிறகு இந்த மாதிரி மாற்றத்தை உறுதியாகச் சொல்ல, புயலுக்கு முன்பே அதே கோட்டில் எடுத்த எண் கையில் இருக்க வேண்டும்.

கரையில் குவியும் புல்லைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். வெறும் இலையாக இருந்தால் வழக்கமாக உதிர்ந்தது. கிடைத்தண்டும் வேரும் சேர்ந்து வந்திருந்தால் பெயர்க்கப்பட்டது, அதைத் தேதியோடு எழுதுங்கள்.

ஒரே ஆண்டுத் தரவை வைத்து "ஆரோக்கியம்", "சீரழிவு" என்ற சொற்களையே பயன்படுத்தாதீர்கள். அது தொடக்க எண் மட்டுமே.

13. யாரிடம் கொடுப்பது

33 வரித் தாள், படங்கள், குழு முடிவு செய்த விதிகள், கம்பிக்குறிகள் ஆகிய நான்கும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஒரு பிரதி கல்லூரியில், ஒன்று அனுமதி தந்த வனத்துறை அலுவலகத்தில். நீங்கள் படிப்பு முடிந்து போய்விடுவீர்கள், அடுத்து வருபவர் அதைத் திறந்து யாரையும் கேட்காமல் அதே இடத்தில் சட்டம் வைக்க முடிய வேண்டும். உயிரினப் படங்களை, அவற்றைப் பகிர்வதற்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் ஏற்றலாம், ஆனால் ஆவுளியா தடம், கடற்குதிரை கண்ட துல்லியமான இடத்தை மறைத்து ஏற்றுங்கள்.

ஊருக்கு ஒரு பக்கம் போதும். மூன்று கோட்டின் படம், எந்த மீட்டரில் புல் இருக்கிறது, எங்கே வடு விழுந்திருக்கிறது. பெரிதாக அச்சிட்டு மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒட்டிவிட்டு, கம்பிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அதில் குறித்துக் கொடுங்கள். நண்டு வலைக்காரர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தகவல்தான்.